வரைகலைத் திரையில்லாத லினக்ஸ் சேர்வருக்கு வைஃபை: கறண்ட் போய் வந்தாலும் தானாக எழும்பி இணையும்படி அமைப்பது

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சனசமூக நிலையம். அதன் வாசிகசாலைப் பின்னறையில் ஒரு பழைய லப்டொப் சேர்வராக ஓடுகிறது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12, கட்டளைத்திரை மட்டும். தமிழ் விக்கிப்பீடியாவின் இணையமில்லாப் பிரதி, பிள்ளைகளுக்கான கடந்தகால வினாத்தாள்கள், ஊரவர்கள் கொண்டுவந்து தந்த அந்தியேட்டிக் கல்வெட்டுகளின் (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறுநூல்கள்) ஸ்கான் பிரதிகள் எல்லாம் அதில்தான். இணைய ரவுட்டர் இருப்பதோ ஒழுங்கைக்கு அந்தப் பக்கம், செயலாளர் வீட்டு விறாந்தையில். போன்கள் சேர்வரை அடைவதும் அந்த ரவுட்டரின் வலை வழியேதான்.

ஒரு பின்னேரம் அங்கிருந்து தம்பி ஒருவர் போன் எடுத்தார்.

"அண்ணை, கறண்ட் வந்து அரை மணித்தியாலம் ஆச்சு. பட்டனை அமத்தி லப்டொப்பையும் எழுப்பிப்போட்டன். பிள்ளையள் வந்து காத்துக்கொண்டு நிக்கினம். ஒண்டும் திறக்குதில்லை."

"ஐபி லிங்க் எண்டு அடிச்சு, வாறதை அப்படியே வாசிச்சுச் சொல்லும்."

வாசித்தார். வைஃபை அட்டையின் பெயருக்குப் பக்கத்தில் 'டவுன்' என்று நின்றது. காரணம் உடனே விளங்கியது. முதல்நாள் வைஃபை இணைத்தபோது கட்டளைகள் திரையில் தட்டப்பட்டனவே தவிர, ஒரு கோப்பிலும் எழுதப்படவில்லை. மின்வெட்டு பற்றரியின் ஆயுளைத் தாண்டிப் போனதும் இயந்திரம் அணைந்தது. எழும்பியபோது அதற்கு எதுவும் நினைவில்லை.

ஆளில்லாத அறையில், கறண்ட் போய் வந்த பிறகு, ஒருவரும் தொடாமல் சேர்வர் தானே வலையில் திரும்ப ஏறும்வரை வைஃபை அமைக்கும் வேலை முடியவில்லை என்பதே என் கணக்கு. இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கணக்கை வைத்தே எழுதியது.

கட்டளைகளைப் பற்றி ஒரு சொல். போனில் சொல்லிக்கொடுப்பதுபோல, வாயால் சொல்லும் ஒலியிலேயே அவற்றை எழுதுகிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில், நான் இடைவெளி விட்ட இடத்தில் மட்டும் இடைவெளி விட்டுத் தட்டுங்கள். 'ஐடபிள்யூ' என்றால் இரண்டே எழுத்து. 'கீழ்க்கோடு' என்று நான் எழுதும் இடத்தில், சிறுகோட்டு விசையை ஷிஃப்ட்டுடன் அமத்தினால் வரும் கோடு. எல்லாவற்றையும் ரூட் பயனராக (முழு அதிகாரமும் உள்ள பயனர்) இருந்து செய்வதாக வைத்துக்கொள்வோம். 'எஸ்யூ -' என்று தட்டிக் கடவுச்சொல் கொடுத்தால் ரூட் ஆகிவிடலாம்.

கேபிள் இழுக்க முடியாதா என்று முதலில் கேளுங்கள்

சேர்வரும் ரவுட்டரும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் கேபிள் இழுங்கள். வைஃபை எவ்வளவு நன்றாக அமைந்தாலும் கேபிளின் நிதானம் அதற்கு வராது. இரண்டும் வெவ்வேறு கட்டடங்களில் இருந்தால் கதை மாறுகிறது. ஒழுங்கைக்கு மேலாகக் கேபிள் கட்டினால் வைக்கோல் ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று போதும் அதை அறுக்க. அதைவிடப் பெரிய பயம் இடி. ஐப்பசியில் இடிமழை தொடங்கும்போது, இரு கட்டடங்களுக்கு நடுவே தொங்கும் செப்புக் கம்பி அருகில் விழும் மின்னலின் வீச்சை வாங்கி, இரண்டு பக்கமும் இருக்கிற கருவிகளுக்குள் இறக்கிவிடும். அந்த இடத்தில் வைஃபைதான் சரியான தெரிவு. எங்கள் வாசிகசாலையும் அப்படித்தான்.

பழைய லப்டொப்பைச் சேர்வராக வைப்பதற்கும் காரணம் உண்டு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் போன காலத்தை யாரும் மறந்திருக்கமாட்டோம். லப்டொப்பின் பற்றரி பாதி செத்திருந்தாலும் சின்ன வெட்டுகளைத் தாங்கும். தனியாக யூபிஎஸ் வாங்கத் தேவையில்லை.

அட்டை கண்ணில் படுகிறதா

முதற்படி, லினக்ஸுக்கு வைஃபை அட்டை தெரிகிறதா என்று பார்ப்பது.

ஐபி லிங்க்

பட்டியலில் 'எல்ஓ' என்பது இயந்திரம் தன்னோடு பேசும் உள்வழி. 'இஎன்' என்று தொடங்குவது கேபிள் துளை. 'டபிள்யூஎல்' என்று தொடங்குவதுதான் வைஃபை. சில இயந்திரங்களில் டபிள்யூலான்0 என்று இருக்கும். பெரும்பாலும் டபிள்யூஎல்பி2எஸ்0 போல இருக்கும். அந்த எண்கள் அட்டை செருகப்பட்ட இடத்தைக் குறிக்கின்றன. யூஎஸ்பியில் செருகும் வைஃபை என்றால் டபிள்யூஎல்எக்ஸ் என்று தொடங்கி, அதன் வன்பொருள் முகவரி முழுவதும் பெயரில் ஒட்டிக்கொண்டு வரும். உங்கள் பெயரை ஒரு கடதாசியில் எழுதி வையுங்கள். கீழே டபிள்யூஎல்பி2எஸ்0 என்று நான் எழுதும் இடமெல்லாம் உங்கள் பெயரைப் போடவேண்டும்.

டபிள்யூஎல் என்று ஒன்றுமே இல்லையா? கைவிடவேண்டாம்; அநேகமாகக் குறை ஃபேர்ம்வெயர்தான். அட்டைக்குள் ஏற்றவேண்டிய சின்ன நிரல் அது. அதில்லாமல் அட்டை வெறும் தகடு.

டிஎம்இஎஸ்ஜி | கிரெப் -ஐ ஃபேர்ம்வெயர்

இதில் ஏதாவது 'ஃபெயில்ட்' என்று வந்தால் காரணம் அதுவே. எந்த நிறுவனத்தின் அட்டை என்று அறிய, உள்ளே இருப்பதற்கு 'எல்எஸ்பிசிஐ -என்என்கே', யூஎஸ்பிக்கு 'எல்எஸ்யூஎஸ்பி'. இன்டெல் என்றால் 'ஃபேர்ம்வெயர்-ஐடபிள்யூஎல்வைஃபை' என்ற பொதி. ரியல்டெக் என்றால் 'ஃபேர்ம்வெயர்-ரியல்டெக்'. அதரோஸ் என்றால் 'ஃபேர்ம்வெயர்-அதரோஸ்'. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் நிறுவும் வட்டிலேயே இவை சேர்ந்து வருகின்றன; அதற்கு முந்திய பதிப்புகளில் தனியாகத் தேடவேண்டும்.

இணையம் இல்லாத இயந்திரத்தில் இணையத்துக்கு வேண்டிய பொதிகளை எப்படி இறக்குவது? கையிலிருக்கும் போன் போதும். அன்ட்ரொய்ட் போனை யூஎஸ்பி வயரால் லப்டொப்பில் செருகி, போனின் அமைப்புகளில் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்குங்கள். மறுபடி 'ஐபி லிங்க்' தட்டினால் யூஎஸ்பி0 என்றோ, இஎன்எக்ஸ் என்று தொடங்கும் நீண்ட பெயரிலோ புதிய வழி ஒன்று தெரியும். அதற்கு முகவரி வாங்க:

டிஎச்கிளையண்ட் யூஎஸ்பி0

இப்போது போனின் டேட்டாவில் லப்டொப் இணையத்தில் இருக்கும். பின்வருபவற்றை ஒரே மூச்சில் நிறுவிவிடுங்கள். 'ஏபிடி அப்டேட்' தட்டியபின், 'ஏபிடி இன்ஸ்டோல்' என்று எழுதி, இடைவெளி விட்டு இந்தப் பெயர்களைத் தொடருங்கள்: ஐடபிள்யூ, டபிள்யூபிஏசப்ளிகண்ட், ஆர்எஃப்கில், பிசிஐயூடில்ஸ், யூஎஸ்பியூடில்ஸ், உங்கள் அட்டைக்குரிய ஃபேர்ம்வெயர், கடைசியாகச் சிஸ்டம்டி-ரிசோல்வ்ட். பெயர்களுக்கிடையே காற்புள்ளி வேண்டாம். சப்ளிகண்ட் பொதியின் பெயரில் கீழ்க்கோடு இல்லை; பின்னால் வரும் கட்டளையிலும் கோப்புகளிலும் உண்டு. போனில் சொல்லும்போது எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது.

ஃபேர்ம்வெயர் போட்டபின் ஒருமுறை 'ரீபூட்' செய்து 'ஐபி லிங்க்' பாருங்கள். டபிள்யூஎல் வந்திருக்கும்.

பூட்டு விழுந்திருக்கிறதா

லப்டொப்களில் வைஃபையை அணைக்க ஒரு விசையோ பக்கச் சுவிச்சோ இருக்கும். எப்போதோ யாரோ தட்டியது அப்படியே நிற்கலாம்.

ஆர்எஃப்கில் லிஸ்ட்

'சொஃப்ட் பிளொக்ட்: யெஸ்' என்றால் மென்பொருள் பூட்டு. 'ஆர்எஃப்கில் அன்பிளொக் வைஃபை' என்று தட்டினால் திறந்துவிடும். 'ஹார்ட் பிளொக்ட்: யெஸ்' என்றால் எந்தக் கட்டளையும் உதவாது, லப்டொப்பின் விளிம்பைத் தடவிப் பாருங்கள், சின்னச் சுவிச் ஒன்று கையில் படும்.

காற்றில் என்ன இருக்கிறது

அடுத்து அட்டையை எழுப்பி, நாட்டைச் சொல்லி, சுற்றிலும் கேட்கச் சொல்வோம்.

ஐபி லிங்க் செட் டபிள்யூஎல்பி2எஸ்0 அப்
ஐடபிள்யூ ரெக் செட் எல்கே
ஐடபிள்யூ டெவ் டபிள்யூஎல்பி2எஸ்0 ஸ்கான் | லெஸ்

நடுவரியில் உள்ள எல்கே என்பது இலங்கைக்குரிய குறி. அதை மட்டும் பெரிய எழுத்தில் தட்டுங்கள். எந்த அலைவரிசையில் எவ்வளவு வலுவில் பேசலாம் என்பது நாட்டுக்கு நாடு வேறு. நாட்டைச் சொல்லாவிட்டால் அட்டை எல்லா நாட்டுக்கும் பொதுவான இறுக்கமான விதிக்குள் நிற்கும்.

ஸ்கான் நீளமாகக் கொட்டும். மூன்று வரிகளைப் பாருங்கள். 'எஸ்எஸ்ஐடி' என்பது வலையின் பெயர். 'ஃப்ரெக்' அலைவரிசை: 2412 என்றால் 1ஆம் சனல், 2437 என்றால் 6, 2462 என்றால் 11, 5000க்கு மேல் என்றால் 5 கிகாஹேர்ட்ஸ். 'சிக்னல்' கழித்தல் குறியோடு வரும். -50 என்றால் அருமை. -67 வரை நம்பலாம். -75க்குக் கீழே இறங்கினால், இன்று வேலை செய்தாலும் மழைநாளில் அறுந்துவிடும். 3 குறைந்தால் வந்து சேரும் வலு பாதி. 10 குறைந்தால் பத்திலொன்று.

இந்த எண்ணைக் கண்டபின் ஐந்து நிமிடம் செலவழியுங்கள், பின்னால் நாட்கணக்கில் மிஞ்சும். வாசிகசாலையில் முதலில் -79 காட்டியது. லப்டொப் இரும்பு அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரிக்கு மேலே எடுத்து வைத்தேன், -71. ஒழுங்கைப் பக்க ஜன்னலடிக்கு நகர்த்தினேன், -62. ஒரு சதமும் செலவில்லை. எங்கள் பழைய கட்டடங்களின் சுண்ணக்கல் சுவர்கள் ஒரு முழத்துக்குக் குறையாத தடிப்பு. மார்கழி மழையில் ஊறி நிற்கும்போது வைஃபை அலையை இன்னும் கூடவே குடிக்கும். வேலியையும் பாருங்கள். கிடுகு வேலி வைஃபையைப் பெரிதாக மறிக்காது. தகர வேலி கண்ணாடி மாதிரித் திருப்பி அனுப்பிவிடும். இரண்டு கட்டடங்களுக்கிடையே சுவர் தாண்டவேண்டும் என்றால் 5 கிகாஹேர்ட்ஸை விட்டு 2.4ஐ எடுங்கள். வேகம் குறைவு, ஊடுருவல் கூட. விக்கிப்பீடியாப் பக்கம் திறக்க அந்த வேகம் தாராளம்.

தமிழில் பெயர் வைத்த வலைகள்

இதை யாரும் எழுதிவைத்து நான் காணவில்லை. வைஃபைப் பெயருக்கு 32 பைட் வரைதான் இடம். தமிழின் ஒவ்வொரு குறியும் யூனிகோடில் 3 பைட் பிடிக்கும். கொம்பும் புள்ளியும் அரவும் தனித்தனிக் குறிகள். 'வாசிகசாலை' 9 குறி, 27 பைட், இடம் கொள்ளும். 'யாழ்ப்பாணம்' 11 குறி, 33 பைட். ஒரே ஒரு பைட்டால் வெளியே நின்றுவிடுகிறது. தமிழில் பெயர் வைப்பவர்கள் பத்துக் குறிக்குள் வையுங்கள்.

அப்படிப் பெயர் வைத்த வலை ஸ்கானில் தமிழாகத் தெரியாது. சாய்கோடும் எக்ஸும் எண்களுமாக, 'எக்ஸ்இ0', 'எக்ஸ்ஏஇ' என்று வரிசையாக வரும். பயப்படவேண்டாம், அதுதான் உங்கள் பெயர். அந்த எண்களைச் சாய்கோடும் எக்ஸும் இல்லாமல் ஒட்டி எழுதி, மேற்கோள் குறி போடாமல் கீழே வரும் கோப்பில் கொடுத்தால் சப்ளிகண்ட் விளங்கிக்கொள்ளும்.

கடவுச்சொல்லும் கோப்பும்

இணைப்பை ஏற்படுத்துவது டபிள்யூபிஏ சப்ளிகண்ட் என்ற நிரல். வலை அமைக்கும் வேறு நிரல்களான, உபுண்டு லினக்ஸின் நெட்பிளானும் நெட்வேர்க் மனேஜரும் வழக்கமாக இதன் தலையில்தான் ஏறி நிற்கின்றன. அதனால் இதை நேராகக் கற்றுக்கொள்வது எங்கு போனாலும் உதவும்.

டபிள்யூபிஏ கீழ்க்கோடு பாஸ்ஃப்ரேஸ் "வலையின் பெயர்" > /ரூட்/வைஃபை.டிஎக்ஸ்டி

முதல் இரண்டு சொற்களும் கீழ்க்கோட்டால் இணைந்த ஒரே சொல். கடவுச்சொல்லை இந்த வரியில் எழுதாதீர்கள். வரியைத் தட்டியதும் நிரல் பேசாமல் நிற்கும். அப்போது கடவுச்சொல்லைத் தட்டி என்டர் கொடுங்கள். இப்படிச் செய்தால் கட்டளை வரலாற்றில் அது பதியாது. கடவுச்சொல் 8 எழுத்துக்குக் குறையக்கூடாது, 63ஐத் தாண்டக்கூடாது.

கோப்பைத் திறந்து பார்த்தால் 'பிஎஸ்கே=' என்பதற்குப் பின் 64 எழுத்து நீளத்தில் ஒரு கோவை இருக்கும். கடவுச்சொல்லையும் வலையின் பெயரையும் சேர்த்து 4096 தடவை அரைத்து எடுத்த சாறு அது. பெயரும் சேர்ந்திருப்பதால், ரவுட்டரில் வலையின் பெயரை யாராவது மாற்றினால் கடவுச்சொல் அதுவே ஆனாலும் இந்தக் கோவை செல்லாது. 'கடவுச்சொல்லை மாற்றவில்லையே, ஏன் இணையவில்லை?' என்று தலையை உடைத்தவர்கள் பலர்.

அதே கோப்பில் '#பிஎஸ்கே' என்று தொடங்கும் வரியில் உங்கள் கடவுச்சொல் பச்சையாக எழுதியிருக்கும். அந்த வரியை அழித்துவிடுங்கள்.

இனிக் கோப்பை அதன் இடத்துக்குக் கொண்டுபோவோம். இடம்: /ஈடிசி/டபிள்யூபிஏ கீழ்க்கோடு சப்ளிகண்ட்/ என்ற கோப்புறை. பெயர்: டபிள்யூபிஏ கீழ்க்கோடு சப்ளிகண்ட்-டபிள்யூஎல்பி2எஸ்0.கொன்ஃப். பெயரில் சிறுகோட்டுக்குப் பின் அட்டையின் பெயர் ஓரெழுத்தும் பிசகாமல் இருக்கவேண்டும். நானோ என்ற கோப்புத்திருத்தியில் திறந்து, 'நெட்வேர்க்={' என்ற வரிக்கு மேலே மூன்று வரிகளைச் சேருங்கள்:

சிடிஆர்எல் கீழ்க்கோடு இன்டர்ஃபேஸ்=/ரன்/டபிள்யூபிஏ கீழ்க்கோடு சப்ளிகண்ட்
அப்டேட் கீழ்க்கோடு கொன்ஃபிக்=1
கன்ட்ரி=எல்கே

சமன் குறியின் இரு பக்கமும் இடைவெளி வேண்டாம். சேமித்தபின் 'சிஎச்மொட் 600' என்று கோப்பின் பெயரோடு தட்டி, ரூட் தவிர வேறு யாரும் வாசிக்காதபடி பூட்டுங்கள். ரூட் கோப்புறையில் கிடக்கும் பழைய பிரதியையும் நீக்குங்கள்.

ரவுட்டர் டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறை மட்டும் என்று அமைந்திருந்தால் அரைத்த கோவை உதவாது. அங்கே 'பிஎஸ்கே=' என்பதற்கு எதிரே கடவுச்சொல்லையே மேற்கோள் குறிக்குள் எழுதி, 'கீ கீழ்க்கோடு எம்ஜிஎம்டி=எஸ்ஏஈ', 'ஐஇஇஇ80211டபிள்யூ=2' என்ற இரண்டு வரிகளையும் சேர்க்கவேண்டும். எஸ்ஏஈ பெரிய எழுத்தில். கட்டளைத்திரையில் தமிழ் தட்ட வழியில்லாததால், தமிழ்ப் பெயருள்ள வலைக்கும் இதேபோலக் கடவுச்சொல்லை மேற்கோளுக்குள் எழுதுவதே வழி.

முகவரி வாங்குதல்

சப்ளிகண்ட் கதவைத் திறக்கும். உள்ளே போய் ஐபி முகவரி வாங்குவது வேறு ஆளின் வேலை. நான் அதற்குச் சிஸ்டம்டி-நெட்வேர்க்டியை வைக்கிறேன். காரணம் ஒன்றுதான்: கறண்ட் வந்ததும் சேர்வர் ஒரு நிமிடத்தில் எழும்பிவிடும், ரவுட்டருக்கு இன்னும் சில நிமிடம் எடுக்கும். அந்த இடைவெளியில் ஒருமுறை கேட்டுவிட்டு ஓய்ந்துபோகாமல், வலை எப்போது வந்தாலும் அப்போது முகவரி கேட்கிற ஆள் வேண்டும். நெட்வேர்க்டி அப்படி.

/ஈடிசி/சிஸ்டம்டி/நெட்வேர்க்/25-வைஃபை.நெட்வேர்க் என்ற கோப்பை உண்டாக்கி, நாலே வரி எழுதுங்கள். சொற்களின் முதலெழுத்துப் பெரியது. டிஎச்சிபி முழுக்கப் பெரிய எழுத்து.

[மட்ச்]
நேம்=டபிள்யூஎல்பி2எஸ்0
[நெட்வேர்க்]
டிஎச்சிபி=யெஸ்

அட்டையின் பெயரும் கடைசி 'யெஸ்' என்பதும் சிறிய எழுத்தில். பிறகு /ஈடிசி/நெட்வேர்க்/இன்டர்ஃபேசஸ் என்ற கோப்பைத் திறந்து, அங்கே வைஃபை அட்டையின் பெயர் இருந்தால் அந்த வரிகளுக்கு முன்னால் # போடுங்கள். டெபியன் நிறுவும்போது வைஃபையைப் பயன்படுத்தியிருந்தால் நிச்சயம் இருக்கும். ஒரே அட்டையை இரண்டு பேர் இழுத்தால் சில நிமிடத்துக்கொருமுறை இணைப்பு அறுந்து ஒட்டும். பிழைச்செய்தி ஒன்றும் வராது. உபுண்டுவிலும், ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியிலும் இதே எச்சரிக்கைதான்.

இப்போது இரண்டையும் எழுப்பி, ஒவ்வொரு முறை இயந்திரம் எழும்பும்போதும் தானாகத் தொடங்கும்படி பதிவுசெய்வோம்:

சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் டபிள்யூபிஏ கீழ்க்கோடு சப்ளிகண்ட்@டபிள்யூஎல்பி2எஸ்0
சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் சிஸ்டம்டி-நெட்வேர்க்டி

இந்தக் கோப்புகளும் அந்த 'எனேபிள்' என்ற சொல்லும் இல்லாததால்தான் அன்றைக்குப் பிள்ளைகள் காத்து நின்றார்கள்.

படிப்படியாகச் சோதித்தல்

போன் டெதரிங்கைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். இல்லாவிட்டால் போன் வழியே போகும் இணைப்பை வைஃபை என்று நம்பிவிடுவீர்கள். கீழிருந்து மேலே ஏறுங்கள், ஒரு படி தவறினால் அடுத்ததைத் தொடாதீர்கள்.

'ஐடபிள்யூ டெவ் டபிள்யூஎல்பி2எஸ்0 லிங்க்'. 'கனெக்டெட் டு' என்று வந்தால் வானலை சரி. 'நொட் கனெக்டெட்' என்றால் 'ஜேர்னல்சிடிஎல் -யூ' என்று எழுதி, மேலே தந்த சப்ளிகண்டின் முழுப்பெயரைத் தொடருங்கள். 'ரோங் கீ' என்ற சொல் கண்ணில் பட்டால் கடவுச்சொல்லோ, கோவையை அரைத்தபோது கொடுத்த வலைப்பெயரோ பிழை. ஸ்கான் ஸ்கான் என்று சுற்றிக்கொண்டே இருந்தால் பெயர் பொருந்தவில்லை, அல்லது தூரம்.

'ஐபி அட்ர்'. அட்டைக்குக் கீழே 'இனெட்' என்று 192.168 போன்ற முகவரி வரவேண்டும். வராவிட்டால் நெட்வேர்க்டியின் கோப்பில் அட்டைப் பெயரைப் பாருங்கள்.

பிறகு பிங், அதாவது பதில் வருகிறதா என்று தட்டிக் கேட்கும் கட்டளை. முதலில் ரவுட்டருக்கு, 'ஐபி ரூட்' தட்டினால் 'டிஃபோல்ட் வியா' என்பதற்குப் பின் அதன் முகவரி நிற்கும். அடுத்து 1.1.1.1. கடைசியாக ஒரு தளத்தின் பெயருக்கு. எண்ணுக்குப் போய்ப் பெயருக்குப் போகாவிட்டால், பெயரை எண்ணாக்கும் ரிசோல்வ்ட் ஓடவில்லை என்று பொருள்.

உபுண்டு, ராஸ்பெரி பை வைத்திருப்பவர்களுக்கு

உபுண்டு சேர்வரில் இதே வேலையை /ஈடிசி/நெட்பிளான் கோப்புறையிலுள்ள யாமல் கோப்பு செய்கிறது. 'வைஃபைஸ்' என்பதன் கீழ் அட்டைப் பெயர், அதன் கீழ் 'அக்சஸ்-பொயின்ட்ஸ்', அதன் கீழ் வலைப்பெயர், அதன் கீழ் கடவுச்சொல். ஒவ்வொரு படிக்கும் ஒரே அளவு இடைவெளி விட்டு உள்ளே தள்ளுங்கள். டாப் விசை கூடவே கூடாது. சப்ளிகண்ட் பொதி நிறுவியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தூரத்திலிருந்து மாற்றும்போது 'நெட்பிளான் அப்ளை' வேண்டாம், 'நெட்பிளான் ட்ரை' தட்டுங்கள். 120 செக்கனுக்குள் நீங்கள் என்டர் அமத்தாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும்.

2023 ஒக்டோபருக்குப் பின் வந்த ராஸ்பெரி பை ஓஎஸ்ஸில் நெட்வேர்க் மனேஜர் இருக்கிறது. 'என்எம்டியூஐ' என்று தட்டினால் பட்டியலாகத் திறக்கும். தெரிவு செய்து கடவுச்சொல் கொடுத்தால் தானே சேமித்துக்கொள்ளும்.

தூங்கவிடாதீர்கள்

இணைந்தாயிற்று, ஆனால் சில நேரம் சேர்வர் பதில்தரத் தயங்குகிறது. எஸ்எஸ்எச்சில் (தூரத்திலிருந்து கட்டளை தட்டும் வழி) ஒரு எழுத்துத் தட்டினால் நின்று வருகிறது. அட்டை பற்றரியை மிச்சம்பிடிக்கக் கண்ணயர்கிறது என்பதே காரணம். 'ஐடபிள்யூ டெவ் டபிள்யூஎல்பி2எஸ்0 கெட் பவர் கீழ்க்கோடு சேவ்' என்று கேளுங்கள். 'ஒன்' என்றால் அதை அணைக்கவேண்டும். கையால் அணைத்தால் அடுத்த மின்வெட்டில் மறந்துவிடும் என்பதால், சப்ளிகண்ட் தொடங்கும்போதெல்லாம் நடக்கும்படி எழுதுவோம். 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' என்று எழுதி, @ குறியோடு கூடிய அந்த முழுப்பெயரைத் தட்டினால் ஒரு கோப்புத் திறக்கும். அதில் மேற்பகுதியிலுள்ள வெற்றிடத்தில்:

[சேர்விஸ்]
எக்ஸெக்ஸ்டார்ட்போஸ்ட்=/யூஎஸ்ஆர்/எஸ்பின்/ஐடபிள்யூ டெவ் டபிள்யூஎல்பி2எஸ்0 செட் பவர் கீழ்க்கோடு சேவ் ஓஃப்

'எக்ஸெக்', 'ஸ்டார்ட்', 'போஸ்ட்' மூன்றும் ஒட்டிய ஒரே சொல், ஒவ்வொன்றின் முதலெழுத்தும் பெரியது. [சேர்விஸ்] என்பதன் முதலெழுத்தும் அப்படியே.

லப்டொப்பின் மூடியை மூடினால் முழு இயந்திரமுமே தூங்கிவிடும். /ஈடிசி/சிஸ்டம்டி/லொகின்ட்.கொன்ஃப் கோப்பில் 'ஹான்டில்லிட்ஸ்விட்ச்' வரியின் முன்னாலுள்ள # குறியை எடுத்து, சமன் குறிக்குப் பின் 'இக்னோர்' என்று மாற்றுங்கள். பயோஸில் (இயந்திரம் எழும்பும்போது முதலில் வரும் வன்பொருள் அமைப்புப் பக்கம்), மின்சாரம் திரும்பியதும் தானே எழும்பும் தெரிவு இருக்கிறதா என்றும் தேடுங்கள். எல்லா லப்டொப்பிலும் இருக்காது. இல்லாவிட்டால் பற்றரி நல்ல நிலையில் இருப்பது இன்னும் முக்கியமாகிறது.

சேர்வரின் முகவரி நாளுக்கொன்றாக மாறாமல் இருக்க, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அதன் வன்பொருள் முகவரிக்கு ஓர் ஐபியை ஒதுக்கிவிடுங்கள். சேர்வரிலேயே நிலையான முகவரி எழுதுவதைவிட இதையே விரும்புகிறேன்; நாளைக்கு ரவுட்டரை மாற்றினாலும் சேர்வர் தொலைந்துபோகாது. கேபிள் துளையையும் நெட்வேர்க்டியிடம் கொடுத்திருந்து, அதில் கேபிள் செருகாமல் விட்டால், எழும்பும்போது இரண்டு நிமிடம் அதற்காகக் காத்து நிற்கும். அந்தத் துளையின் கோப்பில் [லிங்க்] என்ற தலைப்பின் கீழ் 'ரிக்வயர்ட்ஃபோர்ஒன்லைன்=நோ' என்று எழுதினால் காத்திருப்புப் போய்விடும் ('லிங்க்', 'ரிக்வயர்ட்', 'ஃபோர்', 'ஒன்லைன்' முதலெழுத்துகள் பெரியவை, 'நோ' சிறியது).

கறண்டைப் பிடுங்கிப் பார்த்தல்

மூன்று சோதனை. முதலாவது, சேர்வரை 'ரீபூட்' செய்து, விசைப்பலகையைத் தொடாமல், போனிலிருந்து அதன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இரண்டாவது, சேர்வரை ஓடவிட்டு ரவுட்டரைப் பத்து நிமிடம் அணைத்து வையுங்கள். போட்டபின் ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். மூன்றாவதுதான் உண்மையான மின்வெட்டு: இரண்டையும் அணைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் போடுங்கள். சேர்வர் முதலில் எழும்பி, வலை இல்லாமல் தேடித் தேடி நின்று, ரவுட்டர் வந்ததும் பிடித்துக்கொள்ளவேண்டும்.

வாசிகசாலையில் மூன்றாவது சோதனையன்று அந்தத் தம்பி ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் ரவுட்டரடியில் நின்றார், நான் இந்தப் பக்கம். கையசைத்ததும் இருவரும் சுவிச்சைப் போட்டோம். நான்கு நிமிடம் கழித்து அவருடைய போனில் வினாத்தாள் பக்கம் திறந்தது. லப்டொப்பின் மூடியை மூடி, ஜன்னலடி மேசையில் வைத்து, அறையைப் பூட்டிச் சாவியைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு வந்தோம்.